படங்களோடு கழுவிய டி.வி.

அது இரண்டாயிரத்து மூன்றா இரண்டாயிரத்து நான்கா என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு என்பது மட்டும் நிச்சயம். அன்றைக்குக் கரண்டு போனது பன்னிரண்டு மணிக்கு என்பாள் சாந்தாமேரி. "ஏது, மத்தியானக் கோயில் மணி அடிக்கறதுக்கு நொம்ப முன்னாடியே போயிருச்சு" என்பாள் அவள் மாமியார் அற்புதம். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து ஒட்டித்தான் இந்த நாளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒட்டுப்போட்ட இடம் எங்காவது தெரிந்தால் தெரியட்டும்.

போன வாரம் நாம் விட்டுவந்தபோது அந்த வீட்டில் மூன்று பேர் ஒரு டி.வி.யைச் சுற்றிப் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற பாக்கியநாதன். அவர் மனைவி அற்புதம். துபாயில் கார் ஓட்டும் அவர்கள் மகன் மனுவேலுக்கு வாக்கப்பட்டு வந்த சாந்தாமேரி.

டி.வி. மனுவேல் அனுப்பியது. அவன் முதலாளி வீட்டில் பெரிதாக ஒன்று வாங்கியதும் பழையதை இவனுக்குக் கொடுத்துவிட்டார். அக்டோபரில் ஊருக்கு வந்த நண்பன் கையில் கொடுத்தனுப்பினான். முகம் தட்டை, முதுகும் தட்டை. ஏற்காட்டில் அப்படி இன்னொன்று அப்போது கிடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் பின்பக்கம்தான் எட்டிப் பார்த்தார்கள். சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்துக்கும் வேளாங்கண்ணி மாதா படத்துக்கும் நடுவே அது தொங்கியது.

அங்கேதான் வினை. கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காக அற்புதம் சுவரிலிருந்த படங்களையெல்லாம் இறக்கினாள். வருஷாவருஷம் செய்வதுபோலக் கிணற்றடிக் கல்லில் வரிசையாகச் சாத்தினாள். சோப்புத் தண்ணீரைக் குவளையில் மொண்டு மொண்டு ஊற்றித் துணியால் துடைத்தாள். ஆண்டவர், மாதா, அந்தோணியார், செத்துப்போன மாமனார், டி.வி. ஐந்தும் ஒரே வரிசை. பழைய பெட்டி டி.வி.யாக இருந்திருந்தால் அதன்மேல் தண்ணீர் ஊற்ற யாருக்கும் கை வந்திருக்காது. இது படம் மாதிரி இருந்தது. படத்தைக் கழுவுவதுபோலக் கழுவிவிட்டாள்.

சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது திரையின் கீழ்ப்பாதியில் பலாக்கறை பட்ட வேட்டி மாதிரி பழுப்பு ஏறியிருந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. சாந்தாமேரி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுநாள் மாலை நாலு மணி பஸ்ஸில் மனுவேல் வருகிறான்.

*

காலைச் சாப்பாடு முடிந்தும் யாரும் டி.வி.யைப் பற்றிப் பேசவில்லை. அது கூடத்து மேசையில் குப்புறப் படுத்திருந்தது.

"ஏனுங்க, சேலத்துல குடுத்தா சரி பண்ணீருவாங்களா?" என்றாள் அற்புதம். கேட்டது புருஷனை.

பாக்கியநாதன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "இன்னைக்குக் குடுத்து இன்னைக்கே வாங்க முடியாது."

"அவன் பொழுதோட வந்துருவானே."

"ம்."

"ம்முன்னா என்னங்க அர்த்தம்? முப்பது வருஷமா இதே ம்முதான்."

சாந்தாமேரி தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று இரவிலிருந்து அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பாக்கறனுங்கத்தை."

அற்புதம் திரும்பவில்லை.

சாந்தாமேரி சேலத்தில் இரண்டு வருஷம் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படிப்பு படித்தவள். ஒரு வருஷம் கடையிலும் இருந்திருக்கிறாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது சீர்சாமான்களோடு ஒரு நீலத் தகரப் பெட்டியும் வந்தது. சால்டரிங் அயர்ன், மீட்டர், குறடு, விதவிதமான ஸ்குரூ டிரைவர்கள். மூன்றாம் நாள், "ஊட்டுக்கு வந்த மருமக சூட்டுக்கோல் புடிச்சா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க" என்று சொல்லி அற்புதம் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் அது எங்கே போனது என்று சாந்தாமேரி கேட்கவில்லை. விறகுக் கொட்டகையில் கிடந்து துருவேறியிருக்கும் என்று மூன்று வருஷமாக மனசில் ஒரு கணக்கு.

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பாவாயியின் அறை ஒன்று காலியாக இருந்தது. கடை போடச் சரியான இடம். கிறிஸ்துமஸ் வரைக்கும் யாருக்கும் விடமாட்டேன் என்று பாவாயி வாக்குக் கொடுத்திருந்தாள். 'இந்தத் தடவை அம்மாவிடம் பேசி உன் கடை விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடுவோம்' என்று மனுவேல் கடிதம் எழுதியிருந்தான். அந்தக் கடிதம் தலையணை உறைக்குள் இருந்தது.

"இந்த மாதிரி டி.வி. உனக்குத் தெரியுமா?" என்றாள் அற்புதம்.

"தெரியாதுங்க. நான் படிச்சது பிக்சர் டியூப். இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு தொறந்தாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. திறக்காதவரை குற்றம் கழுவின கையோடு இருக்கும். மூடியைக் கழற்றியதும் அது கழற்றின கைக்கு வந்துவிடும். நாலு மணிக்கு மனுவேல் வந்து நிற்கும்போது டி.வி. செத்துக் கிடந்தால், மருமகள் நோண்டிக் கெடுத்தாள் என்று ஆகும். அதன்பிறகு கடைப் பேச்சை யாரிடம் எடுப்பது?

"அவரு வந்து கேட்டா என்னன்னு சொல்றதுங்க?" என்றாள் மெதுவாக.

 அற்புதம் புதுச் சுண்ணாம்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு ஜீப் வளைவில் திணறி, கியர் மாற்றி, மேலே ஏறி, கோயிலைத் தாண்டிப் போகும் சத்தம் முழுசும் அந்த அமைதிக்குள் கேட்டது.

சாந்தாமேரிக்கு அந்த அமைதியே பதிலாகப் பட்டது. இருந்தும் கேட்டாள்.

"என்ற பொட்டி வேணுங்கத்தை."

அற்புதம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். விறகுக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. படுக்கை அறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள்.

அந்த வீட்டு பீரோவுக்குள், மலையில் பல வீடுகளில் உள்ளதுபோல, ஒரு பல்பு எரியும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் துணிமணி பூசணம் பூக்காமல் இருக்க அந்தச் சூடு வேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் புடவைகளை ஒதுக்கி, அடித்தட்டிலிருந்து வேட்டித் துணியில் பொதிந்த ஒன்றை அற்புதம் இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தாள்.

நீலப் பெட்டி. இளஞ்சூடாக இருந்தது. திறந்தால் குறடு பளபளத்தது. தையல் மெஷின் எண்ணெய் வாசனை.

"வெளிய போட்டா துருப் புடிச்சுப் போயிருமேன்னு," என்றாள் அற்புதம், பீரோவைப் பார்த்தபடி. "மழைக்கு முன்னால ஒருக்கா, பின்னால ஒருக்கா தொடச்சு வெப்பேன்."

 சாந்தாமேரி ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா," என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "முனியப்பண்ணன் ஜீப்புக்கு ஊத்துவாரல்லங்க, பேட்டரித் தண்ணி, அது ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க. ஆசிட் கலக்காததுங்க. கெணத்துத் தண்ணி உப்புப் படியும்."

பாக்கியநாதன் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போனார். அரைமணியில் பாட்டிலோடு வந்தார். சாந்தாமேரி ஒரு சொட்டு எடுத்து ஆப்பச்சோடாவில் விட்டாள். பொங்கவில்லை, ஆசிட் இல்லை.

"நம்பிக்கை இல்லியா?" என்றார்.

"உங்க மேல இருக்குதுங்க மாமா. முனியப்பண்ணன் பாட்டில் மேல இல்லீங்க."

ரைட்டர் சிரித்தார். அதாவது, மீசை கொஞ்சம் அசைந்தது.

*

டி.வி.யைப் படுக்கை அறைக்குக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றுமுன் சாந்தாமேரி ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளியே நின்றிருந்த பனி கூப்பிடக் காத்திருந்ததுபோல உள்ளே வந்தது.

"ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சுப் போச்சா? ஊடு பூரா ஈரமாயிருமே!"

"ஆகட்டுங்கத்தை. ஈரத்தை அப்புறம் காய வெச்சுக்கலாம். சுண்ணாம்புத் தூசி பறக்குதுங்களே, அது தரையில அடங்கணும். உள்ள ஒரு துரும்பு உழுந்தாலும் படத்துல பாறாங்கல்லு மாதிரி தெரியும்."

 முப்பது வருஷமாக அற்புதம் எந்தப் பனியை ஜன்னலை அடைத்துத் துரத்தினாளோ, அது அறைக்குள் வந்து கட்டில்மேல் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டு ஸ்குரூ. சாந்தாமேரி அவற்றை பவுடர் டப்பா மூடியில் போட்டாள். பின்மூடி வந்தது. காகிதம்போல் மெல்லிய நாடா வயர்களை நகத்தால் விடுவித்தாள். தகரச் சட்டத்தைத் தூக்கினாள். முன்கண்ணாடி தனியே வந்தது. அதற்குப் பின்னால் இருந்ததைக் குனிந்து பார்த்தாள்.

டியூப் இல்லை, அதன் எலெக்ட்ரான் துப்பாக்கி இல்லை. அடுக்கடுக்காக வெள்ளை பிளாஸ்டிக் தாள்கள். அடியில் கனமான பிளாஸ்டிக் பலகை, அதன் ஓரத்தில் பென்சிலைவிட மெல்லிய விளக்கு. அவ்வளவுதான். தண்ணீர் கீழ் ஓரமாக ஏறித் தாள்களுக்கு நடுவில் புகுந்து சோப்போடு உலர்ந்திருந்தது.

"இதுக்குள்ள படமே இல்லையே," என்றாள் எட்டிப் பார்த்த அற்புதம்.

"படம் முன்னால கண்ணாடியிலங்க. இந்தத் தாளெல்லாம் வெளக்கு வெளிச்சத்தைப் பரத்தி விடறதுக்கு. கண்ணாடி தப்பிச்சிருச்சு. தாளுதான் கறையாயிருக்குது." அவளுக்கே அது சொல்லும்போதுதான் புரிந்தது. குரலில் ஒரு தெம்பு வந்தது. "கழுவிக் காய வெச்சு, எப்படி எடுத்தமோ அப்படியே அடுக்கணும். பஞ்சு உதிராத துணி வேணுங்க, பரப்பி வெக்க. பருத்தி ஆகாது."

 அற்புதம் பீரோவின் மேல்தட்டிலிருந்து தன் கல்யாணக் கூறையை எடுத்து உதறிக் கட்டிலில் விரித்தாள். அரக்குப் பட்டு.

"இது உதிராது" என்றாள்.

நாலு தாளையும் இடமிருந்து வலமாக அதன்மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் சாந்தாமேரி பென்சிலால் புள்ளி வைத்தாள். முதலாவதற்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு. பீங்கான் தட்டில் பேட்டரித் தண்ணீரை ஊற்றி முதல் தாளை அதில் நனைத்தாள். பட்டுத் துண்டால் கறையைத் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காத!" அற்புதம் கையைப் பிடித்தாள். "இங்க கொண்டா. கோயில் பீடத்துத் துணியெல்லாம் நாந்தான் வெளுக்கறேன். மெழுகுக் கறை, திராட்சை ரசக் கறை, எல்லாம் பாத்திருக்கறேன். தேச்சா உள்ள எறங்கும். ஊற வெச்சு ஒத்தி எடுக்கணும்."

"கிழிஞ்சா—"

"கழுவிக் கெடுத்த கை. இதாவது ஒழுங்கா கழுவட்டும்."

சாந்தாமேரி நகர்ந்து இடம் விட்டாள். அற்புதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாத்திரத்தில் மீன் பிடிக்கிறவள்போலக் குனிந்தாள். நனைத்தாள், காத்திருந்தாள், ஒத்தினாள், மறுபடி நனைத்தாள்.  மூன்று வருஷம் ஒரே அடுப்படியில் நின்றவர்கள்தான். ஆனால் இவ்வளவு நேரம் ஒரே பொருளை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது கிடையாது.

கறை போயிற்று. பழுப்புக் கோடு முதலில் மங்கி, பிறகு ஓரத்துக்கு ஒதுங்கி, பிறகு தட்டுத் தண்ணீரில் வெறும் கலங்கலாக நின்றது.

"இப்ப சன்னலை அடைங்கத்தை. பீரோவைக் காலி பண்ணணும்."

"பீரோவையா?"

"வெய்யிலுக்கு எங்கங்க போறது? இந்த ஊட்டுல காஞ்ச எடம் அது ஒண்ணுதான்."

புடவைகள் கட்டிலுக்குப் போயின. பீரோவுக்குள் குறுக்கே நூல் கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் ஓரத்தை மட்டும் பிடித்து, நாலு தாளையும் தொங்கவிட்டார்கள். பிளாஸ்டிக் பலகையை அடித்தட்டில் சாய்த்தார்கள். கதவை மூடிய ஐந்தாவது நிமிஷம் கரண்டு போயிற்று.

இருவரும் பீரோவுக்கு முன்னால் நின்றார்கள். கதவு இடுக்கில் தெரிந்த மஞ்சள் கோடு இல்லை.

"ஏசுவே" என்றாள் அற்புதம்.

கூடத்திலிருந்து பாக்கியநாதன், "கரண்டு போயிருச்சு" என்றார்.

"நொம்ப நன்றிங்க, தெரியாம நின்னுக்கிட்டிருந்தோம்" என்றாள் அற்புதம்.

அரிக்கேன் விளக்கு வைக்கலாம், புகை படியும். கரி இஸ்திரிப் பெட்டி வைக்கலாம், சாம்பல் பறக்கும். சாந்தாமேரி ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது அற்புதம் அடுப்படிக்குப் போனாள். புளியும் சாம்பலும் போட்டு எதையோ தேய்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பழந்துணியால் பிடித்தபடி ஒரு தோசைக்கல்லைக் கொண்டுவந்து, செங்கல் மேல் பீரோவின் அடியில் வைத்தாள். எண்ணெய்ப் பசை இல்லாமல் தேய்த்துக் காயவைத்த கல். கை நீட்டினால் சூடு தெரிந்தது.

"ரெண்டு கல்லு இருக்குது. ஒண்ணு ஆறுறதுக்குள்ள இன்னொண்ணு. போதுமா கண்ணு?"

"போதுங்கத்தை" என்றாள் சாந்தாமேரி. கண்ணு என்ற அந்தச் சொல் இந்த வீட்டில் பூனைக்குக்கூடக் கிடைத்திருக்கிறது. அவளுக்கு இதுதான் முதல் தடவை.

அடுத்த இரண்டு மணி நேரம் தோசைக்கற்கள் அடுப்பிலிருந்து பீரோவுக்கும் பீரோவிலிருந்து அடுப்புக்கும் நடந்தன. பாக்கியநாதன் விறகு தள்ளினார். மதியச் சோறு ஆக்கவில்லை. காலையில் மிஞ்சிய இட்லியை ஆளுக்கு இரண்டு நின்றபடியே தின்றார்கள்.

*

இரண்டரை இருக்கும். வாசலில் ஜீப் நின்றது. மஞ்சக்குட்டைக்கு ஓட்டுகிற முனியப்பன் இறங்காமலே கத்தினான்.

"ஏனுங்க ரைட்டரே! டி.வி.க்குப் பேட்டரித் தண்ணி ஊத்தியாச்சுங்களா? மைலேஜ் குடுக்குதுங்களா?"

"என்ன முனியப்பா, வேலை இல்லியா?" என்றார் பாக்கியநாதன்.

"வேலையாத்தானுங்க போனேன். வாழத்தார் ஏத்திக்கிட்டு வரேன். உங்க பையன் மனுவேலு அடிவாரத்துல டீ குடிச்சுக்கிட்டு நிக்கறான். பஸ்ஸு இல்லீங்க, சேலத்துல இருந்தே டாக்ஸி. சாமானம் எக்கச்சக்கம், மேல எல்லாம் கட்டி வெச்சிருக்கறான். பனியில வளைவெல்லாம் ஊர்ந்துதான் வரணும். எப்படியும் இன்னும் அரைமணியில வந்துருவான்."

ஜீப் போய்விட்டது. சாந்தாமேரி பீரோவைத் திறந்தாள். தாள்கள் காய்ந்திருந்தன. பலகையின் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்த்தாள், ஈரம் இல்லை.

"எடுங்கத்தை. அடுக்கிரலாம்."

பலகை. விளக்கின் வயர். அதன்மேல் நாலு புள்ளித் தாள். பிறகு மூன்று புள்ளி. சரியாக உட்கார்ந்தது. இரண்டு புள்ளித் தாளைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

அந்தத் தாள் மட்டும் வேறு மாதிரி. சாய்த்துப் பார்த்தால் வானவில் ஓடும். புள்ளியை மேல்மூலையில் வைத்திருந்தாள். எந்த மூலை என்று குறித்தவள் எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை. புள்ளி இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி தெரிந்தது.

"என்னாச்சு?"

"இது எந்தப் பக்கம் மேலன்னு..." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாத்தி வெச்சா வெளிச்சம் திட்டுத் திட்டா வரும். மறுபடி தொறக்க நேரமில்லீங்க."

ரோட்டில் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர்கள் வீட்டுக்கு இல்லை, போய்விட்டது.

"இங்க குடு" என்றாள் அற்புதம். தாளை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓரத்தில் மேலும் கீழுமாக ஓட்டினாள். "ஒரு பக்கம் வழவழன்னு இருக்குது. ஒரு பக்கம் நகத்துல வெச்சா சொரசொரங்குது. முதல்ல நீ எடுத்துக் குடுத்தப்ப சொரசொரப்பு மேல இருந்துச்சு. நான் கழுவத் திருப்பினப்ப கையில தட்டுச்சு. நல்லாத் தெரியும்."

"நெசமாவாங்க?"

"துணி வெளுக்கறவளுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாதா?"

சொரசொரப்பு மேலே. சாந்தாமேரி மறுபேச்சில்லாமல் வைத்தாள். ஒரு புள்ளித் தாள். கண்ணாடி. தகரச் சட்டம். நாடா வயர்கள். பின்மூடி.  பாக்கியநாதன் டி.வி.யைத் தூக்கிக்கொண்டுபோய் ஆண்டவருக்கும் மாதாவுக்கும் நடுவில் மாட்டினார். பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார்கள்.

கரண்டு வரவில்லை.

*

மனுவேல் வந்தபோது வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். இளைத்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான், அப்பாவின் கையைப் பிடித்தான், சாந்தாமேரியைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணமாகி ஆறு மாதத்தில் போனவன், இரண்டரை வருஷம் கழித்து அவளைப் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் அதற்குமேல் அங்கே எதுவும் முடியவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தான். காப்பியைக் குடித்தான். சுவரைப் பார்த்தான்.

"அட, நம்ம டி.வி. நல்லா ஓடுதாம்மா?"

பாக்கியநாதன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

சாந்தாமேரி தரையைப் பார்த்தாள். காலையில் அவள் கேட்ட கேள்வி இப்போது கூடத்தின் நடுவில் வந்து நின்றது. ஓட்டில் பனி சொட்டுவது கேட்டது. மனுவேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"ஓடுதான்னு தெரியலைடா" என்றாள் அற்புதம். "அதைப் படங்களோட சேத்துக் கழுவிப்போட்டேன்."

"கழுவி...?"

"சோப்புப் போட்டு. கெணத்தடியில. நேத்து முந்தாநேத்து இல்லை, நேத்துத்தான். கீழ்ப்பாதி பூரா கறையாயிருச்சு. உன்ற பொண்டாட்டி தொறந்து சரி பண்ணியிருக்கறா. காத்தாலயிருந்து ரெண்டு பேரும் ஒக்காரவே இல்லை. கரண்டு இல்லை, போட்டுப் பாக்கலை." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்பவே சொல்லீர்றேன், நல்லாக் கேட்டுக்க. ஓடுச்சுன்னா அது அவ சரி பண்ணுனது. ஓடலைன்னா அது நான் கழுவுனது. அப்புறம் யாரும் மாத்திப் பேசக்கூடாது."

மனுவேல் வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "தாத்தா படத்தையும் சேத்தா கழுவுனீங்க?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பாக்கியநாதனின் மீசையும் அசைந்தது. அற்புதம் மட்டும், "சிரிங்க, சிரிங்க. ஒரு நாள் அவனவன் வந்து சுண்ணாம்பு அடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றாள்.

சாந்தாமேரி சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது. காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே இரண்டு தோசைக்கற்களும் ஆறிக் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, கூடத்தில் திடீரென்று பாட்டுச் சத்தம் கேட்டது.

கரண்டு வந்துவிட்டது.

அவள் ஓடிவந்தாள். திரை முழுக்க ஒரே சீரான வெளிச்சம். யாரோ ஒரு பெண் சோப்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அருவியில் குளித்தாள். மூக்குக்குக் கீழே வாய், கழுத்து, எல்லாம் இருந்தது. வலது கீழ்மூலையில் மட்டும் எள்ளுப்போல ஒரு கரும்புள்ளி.

"அது என்ன புள்ளி?" என்றான் மனுவேல்.

"சுண்ணாம்புத் துணுக்கு" என்றாள் சாந்தாமேரி. "பனியிலயும் அடங்காம ஒண்ணு மட்டும் உள்ள போயிருச்சுங்க."

"இருக்கட்டும் உடு" என்றாள் அற்புதம். "நம்ம ஊட்டு டி.வி.ன்னு அடையாளம். நாளைக்குக் காத்தால நானே போய் பாவாயிகிட்ட அந்த ரூமை எடுத்துக்கறோம்னு சொல்லீட்டு வர்றேன். நீங்க யாரும் போனா அவ பேசியே அனுப்பீருவா."

அப்படித்தான் அந்த விஷயம் முடிந்தது. மூன்று வருஷம் யாரும் வாய் திறக்காத விஷயம், சோப்பு விளம்பரம் முடிவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றைக்கு மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடலாம். முனியப்பன் மஞ்சக்குட்டை வரைக்கும் ஜீப்பில் ஏறிய அத்தனை பேரிடமும் ரைட்டர் வீட்டில் டி.வி. கழுவிய கதையைச் சொன்னான். மறுநாள் காலையில் மூன்று பேர் ஓடாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாக்கியநாதன் எஸ்டேட் உர மூட்டைக்கு எழுதும் அதே குண்டெழுத்தில் 'தண்ணீர் படக்கூடாது' என்று எழுதி டி.வி.யின் முதுகில் ஒட்டினார். அற்புதம் கூறையை மடித்துப் பீரோவில் வைத்தாள், பல்பைப் போட்டாள், நீலப் பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை, மாதா படத்துக்குக் கீழே மேசையிலேயே விட்டுவிட்டாள். பவுடர் டப்பா மூடியில் ஒரு ஸ்குரூ மிச்சம் இருந்தது. அது எங்கே இருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மனுவேல் குளிக்கப் போயிருந்தான். அவன் கொண்டுவந்த சாமான்கள் வாசல் ஓரமாகக் குவிந்து கிடந்தன. சாந்தாமேரி அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். மூன்று பெரிய பெட்டிகள். சோறு ஆக்கும் ஒரு குக்கர், அடியில் கரி பிடித்தது. தேய்ந்துபோன இஸ்திரிப் பெட்டி. இரண்டு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர். கடைசியில், பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு பழைய தலையணை.

லீவுக்கு வருகிறவன் தலையணையை எடுத்துக்கொண்டு வருவதில்லை.

அவள் அதைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் போவானா என்று விசாரிக்கப் போகவில்லை அவள். கட்டிலில், தன் தலையணைக்குப் பக்கத்தில், அதைக் கொண்டுபோய் வைத்தாள்.